நான் கூடுதலாக மாட்டிய டிஸ்க்

வேலைக்குச் சேர்ந்த அன்று உங்கள் கையில் ஒரு விதிப்பட்டியல் கொடுத்திருப்பார்கள். அதில் ஒரு வரி: "இடம் மாற்றிய வி.எம்.மில் எதைச் சேர்த்தாலும், அது பழைய இயந்திரத்துக்குத் திரும்பி வருகிறதா என்று மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும்." அந்த வரி என்னால் வந்தது. நான் கண்டுபிடித்த விதி என்று பெருமைப்பட வழியில்லை. நான் செய்து வைத்த காரியத்தால் அதை எழுத வேண்டி வந்தது. ஓய்வு பெற்றவர் என்ற முறையில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் அந்த மதியம்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நாகல் நகரில் நம் அலுவலகத்துக்கு ஏசி மாட்ட வந்தேன். சர்வர் அறை ஏசி அடிக்கடி மக்கர் செய்ததால் அடிக்கடி வந்தேன். ஒருநாள், நீ ஏன் இங்கேயே இருந்துவிடக் கூடாது என்றார்கள். இருந்துவிட்டேன். திரையில் இங்கிலீஷில் வரும் பிழைச் செய்திகளை எழுத்துக்கூட்டிப் படித்து, நோட்டில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்டு, அப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. படிப்புக் குறைவு என்பதால் பயம் அதிகம். இயல்பிலேயே பயந்தவன்தான் என்பது வேறு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "இப்படி இழுத்தா பூட்டுக்கே உங்க மேல சந்தேகம் வந்துரும்" என்பாள் என் மனைவி.

வி.எம்., அதாவது விர்ச்சுவல் மெஷின் என்கிற மாயக் கணினி பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த எனக்குத் தகுதியில்லை. எனக்குப் புரிந்த விதத்தை மட்டும் சொல்கிறேன். நிஜமான இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதில் எமுலேட்டர் என்ற மென்பொருள் ஓடுகிறது. அது தானே ஒரு முழுக் கணினிபோல நடிக்கிறது. உள்ளே ஓடுகிற புரோகிராமுக்கு அந்த நடிப்புதான் உலகம். நாங்கள் பார்த்துக்கொண்ட ஒரு வி.எம்.மில் ஃபிளாப்பி டிரைவ் ஒன்று இருப்பதாகக் காட்டும். நம் அறையில் அப்படி ஒரு சாமான் கிடையாது. ஊருக்குள் தேடினாலும் கிடைக்குமா என்று தெரியாது. உள்ளே இருப்பதோ அதை நம்பிக்கொண்டு வருடக்கணக்காக நிம்மதியாக ஓடியது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஏசி இரைச்சலில் உட்கார்ந்து அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். நம் வீட்டிலும் இல்லாத ஒரு ஜன்னல் இருந்து, நாமும் தினம் அதைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றும்.

அப்படிப்பட்ட வி.எம்.மை ஓட ஓட, நிறுத்தாமல், ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். பழனி பஸ்ஸில் தூங்கிவிட்ட பிள்ளையை எழுப்பாமல் தோளில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் கிடத்துவோம் அல்லவா, அந்த மாதிரி. பிள்ளைக்குக் கனவு கலையக் கூடாது. சிரமம் எங்கே வருகிறது என்றால், இரண்டு இயந்திரங்களிலும் எமுலேட்டர் ஒரே வெர்ஷனாக இருப்பதில்லை. புது வெர்ஷனுக்குப் பழையதைவிட நிறைய விஷயம் தெரியும். ஆனால் பழைய இடத்திலிருந்து வந்த வி.எம்.முக்கு முன்னால் அது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அதே ஃபிளாப்பி, அதே நெட்வொர்க் கார்டு, எல்லாம் பழையபடி நடிக்க வேண்டும். நடித்தால்தான் நாளைக்கு அந்த வி.எம். பழைய இடத்துக்கே திரும்பிப் போக முடியும். இங்கே வந்து ஏதாவது புதுச் சாமானைப் பழகிக்கொண்டுவிட்டால், பழைய இயந்திரம் அதைப் பார்த்து, இது என்னவென்றே எனக்குத் தெரியாது என்று கதவைச் சாத்திவிடும்.

இதையெல்லாம் எனக்குப் புரிய வைத்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். எங்கள் பிரிவுக்குத் தலைவி. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். எந்த வி.எம்.மை மாற்றுவதற்கு முன்பும், அதே அச்சில் காலியான ஒன்றைச் செய்து, போகவிட்டு, திரும்ப வரவழைத்துப் பார்க்கச் சொல்வார். "போறது பெரிசில்லீங்கண்ணா, திரும்பி வரோணும்" என்பார். நாங்கள் அதைப் போய்வரும் சோதனை என்றே சொல்வோம்.

இனி அந்த ஃபிளாப்பி கனவுக்காரன் யார் என்று சொல்கிறேன். அது ஊரிலுள்ள ஒரு ஆஸ்பத்திரி நம் சர்வர் அறையில் வைத்து ஓட்டிய ரத்த வங்கி வி.எம். அதற்குள் ஓடிய புரோகிராமைச் செய்த கம்பெனி மூடிப்போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தப் புரோகிராம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தன் கம்பெனியிடம் நெட்டில் அனுமதி கேட்கும். அனுமதி கொடுக்க அங்கே ஆளில்லை. ஆக, ஓடுகிறவரை ஓடும். ஒருமுறை நின்றால் மறுபடி எழாது. பதிவுகளுக்குப் பிரதிகள் இருந்தன. ஆனால் அவற்றை வாசிக்க அந்தப் புரோகிராமால் மட்டும்தான் முடியும். புதுப் புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார்கள், தயாராக இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

ரத்த வங்கியைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் ஒருமுறை என்னை அழைத்துப்போய்த் திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினார். செம்பட்டிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள வருகிற ஒரு பெண்ணின் பக்கம். கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தாய். ஏற்றி ஏற்றி, அவள் உடம்பு சில வகை ரத்தத்தை ஏற்க மறுக்க ஆரம்பித்திருந்தது. எது ஒத்துக்கொள்ளும், எதைக் கொடுத்தால் ஆபத்து என்று வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் குறித்த பக்கம் அது. "புதுசா டெஸ்ட் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிராதா சிஸ்டர்?" என்று கேட்டேன். சில சமயம் தெரியாது என்றார். உடம்பு மறந்த மாதிரி இருந்துவிட்டு, தப்பான ரத்தம் உள்ளே போனதும் நினைத்துக்கொள்ளும். "அது மறந்தாலும் இது மறக்கக் கூடாது தம்பி" என்று திரையைத் தொட்டுக் காட்டினார்.

ரத்த வங்கியில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் குறைவு. அதனால் எங்கள் வேலையெல்லாம் அந்த நேரத்தில்தான். தெருவே கண்ணை மூடிக் கிடக்கும். ஆட்டோக்காரர்கள் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்திருப்பார்கள். கீழே கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். மேலே குளிர்ந்த அறையில் நான் மட்டும், நூறு விசிறிகளின் சத்தத்துக்குள். அந்த நேரத்தில் மாற்றப்படுவது வி.எம்.மா நானா என்றுகூடச் சில நாள் குழப்பமாக இருக்கும்.

அந்தச் சித்திரையில் பழைய இயந்திரத்தின் விசிறிகளை மாற்ற வேண்டியிருந்தது. போய்வரும் சோதனை நன்றாக முடிந்தது. ரத்த வங்கி வி.எம்.மைப் புது இயந்திரத்துக்கு மாற்றினோம். அதற்கு ஒன்றும் தெரியவில்லை. பழையதில் விசிறி மாற்றி அதையும் தயாராக வைத்தோம். அத்தோடு விட்டிருக்கலாம்.

நான்தான் தினமும் போய்ப் பார்ப்பவனாயிற்றே. அந்த வி.எம்.மில் இடம் குறைந்துகொண்டே வந்தது. நிறைந்து போனால் புரோகிராம் நின்றுவிடுமே என்று ஒரு பயம். இரண்டு மாதத்துக்குத் தாங்கும் என்று கணக்கு சொன்னது, மனது கேட்கவில்லை. புது இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டிஸ்க் மாட்டும் வசதி சுலபமாக இருந்தது. ஒரு மதியம் மாட்டிவிட்டேன். அந்த டிஸ்க், பழைய எமுலேட்டருக்குத் தெரியாத ஒரு புது வகை. நான் அதைப் பார்க்கவில்லை. சோதனைதான் முடிந்துவிட்டதே என்ற நினைப்பு. மேடத்திடம் கேட்கவில்லை, கேட்டால் எதற்கு என்பார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? எங்கும் எழுதியும் வைக்கவில்லை. சிஸ்டரிடம் மட்டும், இனிமேல் நிறைய இடம் இருக்கிறது என்று நல்ல பிள்ளையாகப் போனில் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்குப் புது இயந்திரத்தின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மெமரியில் பிழை. அது தானாகவே திருத்திக்கொள்ளக்கூடிய பிழைதான், ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. திருத்த முடியாத ஒன்று வந்தால் அந்த நொடியே இயந்திரம் விழும். கூடவே ரத்த வங்கியும் விழும். மேடம் ஒரு வேலையாகச் செம்பட்டிக்குப் போயிருந்தார்.  செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். பழையது தயாராக இருக்கிறது, அங்கே திருப்பி அனுப்பிவிட்டால் போதும். கட்டளையைக் கொடுத்தேன்.

சில நொடியில் மறுப்பு வந்தது. பழைய இயந்திரம் ஏற்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். டிஸ்க் பெயர் இருந்தது. நான் வைத்த பெயர்.

ஒரு நல்லது, அனுப்புவது தோற்றாலும் வி.எம். இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடியது. நான்தான் ஓடவில்லை. அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, உங்களுக்காகச் சொல்கிறேன். அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன். மறுபடி மறுப்பு. மூன்றாவது முறையும் கொடுத்தேன். கல்லில் முட்டுகிறோம் என்று தெரிந்தேதான் முட்டினேன். சரி, டிஸ்க்கைப் பிடுங்கிவிடுவோம், யாருக்கும் தெரியாது என்று விரலைக் கொண்டுபோனேன். அந்த டிஸ்க் சும்மா இருந்திருந்தால் கழன்று வந்திருக்கும். உள்ளே யாரோ அதைத் திறந்து வைத்திருந்ததால் வி.எம். விட மறுத்தது. பலவந்தமாகப் பிடுங்கவும் வழி உண்டு. அந்த வழியின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.  கனவில் ஓட நினைத்தும் கால் நகராமல் நிற்போமே, அந்த மாதிரி ஒரு கால் மணி நேரம் போய்விட்டது. பிழை எண்ணிக்கை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

பிறகுதான் மேடத்துக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தார். நிலைமையைச் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, சோதனையில திரும்பி வந்துச்சில்லீங்க. இப்ப ஏன் வர மாட்டேங்குது?"

"நான் ஒரு டிஸ்க் மாட்டிட்டேன் மேடம். போன வாரம். சொல்லல. எழுதியும் வைக்கல."

 பஸ்ஸில் கண்டக்டர் ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சரிங்க. அதப்பத்தி அப்புறம் பேசிக்கலாம். அந்த டிஸ்க்குல ஆரு எழுதறாங்க?"

சிஸ்டர் பழைய கைப்பதிவேடுகளை ஸ்கேன் செய்து போடுகிறார், புரோகிராமும் அதில் எழுதுகிறதா என்று தெரியாது என்றேன். பிடுங்கிவிடட்டுமா என்றும் கேட்டேன்.

"தெரியாமப் புடுங்காதீங்க. கேட்டுட்டுக் கழட்டுங்க."

"அதுக்குள்ள புதுசு விழுந்துருச்சுன்னா?"

"விழுவுமா விழாதான்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா. வெளக்க நீங்க பாக்கறீங்க, நான் பாக்கல. முடிவு உங்களுதுதானுங்க. எதுன்னாலும் நான் உங்க கூட நிக்கறேன்."

கட்டளை போட்டிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பேன். அவர் போடவில்லை. அந்த நேரத்தில் அவர் மேல் கோபம்கூட வந்தது. இப்போது நினைத்தால், ஏசி மாட்ட வந்தவனைப் பார்த்து முடிவு உங்களுடையது என்று யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

எண்ணிக்கையைப் பார்த்தேன். ஏறுகிறது, ஆனால் பாய்ந்து ஏறவில்லை. கேட்பதற்கு நேரம் இருக்கிறது என்று தீர்மானித்தேன். சிஸ்டர் அன்று நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் ரத்ததான முகாமில் இருந்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"இங்க பூவு விக்க வந்தவங்க எல்லாம் வரிசையில நின்னு ரத்தம் குடுக்குறாங்க. நீங்க என்ன தம்பி, போன்லயே என் ரத்தத்தக் குடிக்க வாரீங்க?"

சிரிக்க முடியவில்லை. என் தப்பை முழுதாகச் சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது. அந்த டிஸ்க்கில் புரோகிராம் எதையாவது எழுதுகிறதா என்று கேட்டேன்.

சிஸ்டரின் குரல் மாறியது. "எழுதும். தினமும் மூணு மணிக்கு ஒரு பிரதி எடுக்கும்ல, அத அந்தப் புது எடத்துல போடச் சொல்லி நான்தான் மாத்தி வச்சேன். நீங்கதான எடம் நிறைய இருக்குன்னீங்க?"

மணி இரண்டு முப்பத்தைந்து. நான் பிடுங்கியிருந்தால் மூன்று மணிக்குப் புரோகிராம் அந்த டிஸ்க்கைத் தேடியிருக்கும். இல்லாத இடத்தைத் தேடி அது அப்படியே உறைந்து நின்ற கதை எங்களுக்கு முன்பே ஒருமுறை நடந்தது. அப்போது அதை மறுபடி தொடங்கிவிட்டோம், கம்பெனி உயிரோடு இருந்த காலம். இப்போது நின்றால் நின்றதுதான்.

"நாளைக்குச் செம்பட்டிப் பொண்ணு வருது தம்பி" என்றார் சிஸ்டர்.

ரத்த வங்கி மேசையில் இருந்த டெக்னீஷியன் அம்மாவைச் சிஸ்டர் இன்னொரு போனில் பிடித்தார். என் போனையும் வைக்கவில்லை. ஒரு காதில் என்னை வைத்துக்கொண்டு மறு காதில் அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு படியாகச் சொன்னார். பிரதி எடுக்கும் இடத்தைப் பழையபடி மாற்று. சேமி. மாறியிருக்கிறதா என்று வாசித்துக் காட்டு. இப்போது ஸ்கேன் ஜன்னலை மூடு. நடுநடுவே முகாமுக்கு வந்த யாரையோ, எந்திரிக்காதீங்க, செத்த நேரம் படுத்திருங்க, ஜூஸ் குடிச்சிட்டுப் போங்க என்று அதட்டினார். மல்லிகை மூட்டைகளை வேனில் ஏற்றும் சத்தமும் அந்த அதட்டலும் என் குளிர்ந்த அறைக்குள் வந்து நிறைந்தன. என் முன்னால் எண்கள்.

"மூடியாச்சாம்" என்றார் சிஸ்டர். "இனி உங்க பாடு. நான் இங்க பாக்கணும்." போன் நின்றது.

டிஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். இந்த முறை வி.எம். பிடித்துக்கொள்ளவில்லை. பட்டியலிலிருந்து அந்தப் பெயர் மறைந்தது. டிஸ்க்கில் இருந்த ஸ்கேன்கள் எங்கும் போகாது, வேறு கணினியில் படித்துக்கொள்ளலாம் என்பதை நான் ஏற்கனவே உறுதி செய்திருந்தேன். ஆனாலும் உடனே அனுப்பவில்லை. மேடம் சொல்லிக்கொடுத்தபடி, இப்போதிருக்கும் அச்சில் காலியான ஒன்றைச் செய்து பழையதுக்கு அனுப்பிப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. அதற்கு மூன்று நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடத்தில் பிழை எண்ணிக்கை இரண்டு முறை ஏறியது. அவசரத்தில் அதை விட்டிருக்கலாமே என்று பின்னால் சிலர் கேட்டார்கள். இருக்கலாம். எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லாத நாள் அது, அதனால் செய்தேன்.

பிறகு நிஜத்தை அனுப்பினேன்.

அது போவதை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள், பார்த்துப் பழகியும்விடுவீர்கள். நினைவு பக்கம் பக்கமாக அந்தப் பக்கம் போகும். போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளே புரோகிராம் வேலை செய்வதால், போன பக்கமே மறுபடி மாறும், மாறியதை மறுபடி அனுப்பும். மிச்சம் குறைந்துகொண்டே வரும், சட்டென்று கூடும், மறுபடி குறையும். கடைசியில் ஒரு மூச்சு அளவுக்கு எல்லாம் நிற்கும். அந்த மூச்சில் அது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அதற்குள்தான் ஒரு ஆஸ்பத்திரியின் வருடங்கள் எல்லாம் இருக்கின்றன, யார் உடம்பு எதை மறுத்தது என்பதெல்லாம் இருக்கிறது. நானும் மூச்சை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. ஒரு காக்கைகூட அசையவில்லை.

பழையதில் அது எழுந்தது. எழுந்தது என்பதும் தப்பு. அது தூங்கவே இல்லையே. தன் ஃபிளாப்பி டிரைவோடு, ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குப் பழைய இடத்தில் பிரதி எடுக்க ஆரம்பித்தது. நான்கு மணி வாக்கில் புது இயந்திரம் தானாகவே விழுந்தது. அப்போது அதில் யாரும் இல்லை.

நான்கரைக்குச் சிஸ்டர் கூப்பிட்டார். "எப்ப தம்பி மாத்தப் போறீங்க? இங்க ஒவ்வொருத்தருக்கும் ஊசி குத்தும்போதும் உங்களுக்கும் சேத்துச் செபம் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"மாத்தியாச்சு சிஸ்டர். மூணுக்கு முன்னாடியே."

"சொல்ல வேணாமா? அம்புட்டு செபமும் வீணாப் போச்சே" என்றார். பிறகு, வீண் இல்லை, இன்னொரு நாளைக்கு வரவு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மேடம் சாயங்காலம் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், அதுவும் ஒரு வேதனை. விதிப்பட்டியலைத் திறந்து என் முன்னால் தள்ளி, "நீங்களே எழுதுங்கண்ணா" என்றார். எனக்குத் தமிழில்தான் எழுத வந்தது. அவரும் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். கூடவே ஒன்று கேட்டார்: டிஸ்க் மாட்டியது இருக்கட்டும், எதற்குங்கண்ணா சொல்லாமல் மாட்டினீர்கள்? பயமாக இருந்தது என்றேன். "பயமா இருந்தா அதையும் சொல்லுங்க. பயந்தவங்க சொல்றதுல பாதி நெசமா இருக்குமுங்க" என்றார். அதை நான் எழுதி வைக்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து சொல்லப் பழகினேன். உங்களில் என்னைப்போல் பயந்த ஆள் ஒருவராவது இருப்பார். அவர் வந்து, எனக்கென்னமோ சரியாகப் படவில்லை என்று சொன்னால், சிரிக்காமல் ஐந்து நிமிடம் கேளுங்கள். ஒன்றும் இல்லாமல் போனால் போகட்டும், ஐந்து நிமிடம்தானே.

இரண்டு மாதம் என்றார்கள்; புதுப் புரோகிராம் வர மூன்று மாதம் ஆனது. அதுவரை பழைய இயந்திரத்தில் எமுலேட்டரைக்கூட யாரும் தொடவில்லை. பதிவுகள் எல்லாம் மாறி முடிந்த நாளில் சிஸ்டர் என்னை ஆஸ்பத்திரிக்கே வரச் சொன்னார். ஒரு திரையில் பழையது, பக்கத்தில் புதியது. செம்பட்டிப் பெண்ணின் பக்கத்தை இரண்டிலும் திறந்தார். பழையதிலிருந்து அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, புதியதில் நான் விரல் வைத்துப் பார்த்தேன். பாதி வார்த்தைகளுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன், அது எனக்கு நன்றாகவே வரும். கடைசி வரி வரை சரியாக இருந்தது.

அந்தப் பெண் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள், அன்று அவளுடைய முறை. புதுப் புரோகிராம் ஒரு சீட்டை அச்சடித்தது. சிஸ்டர் அதை ரத்தப் பையில் ஒட்டி, வார்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தி முடியிற வரைக்கும் பழசு ஓடட்டும் தம்பி."

ஓடட்டும் என்றேன். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் அந்தப் பெண் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, சிஸ்டரிடம் வாரேன் என்று தலையசைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அதன் பிறகுதான் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.